"ரேசிங் பிரீதர் வால்வு" என்று 2,400 ரூபாய்க்கு ஒன்றை மாட்டிவிட்டார்கள்: 100 சிசி வண்டிக்காரர்கள் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கட்டைவிரல் நீளத்தில் நீல நிற அலுமினியக் குப்பி, இரண்டு முனையிலும் ஓஸ் மாட்டும் மூக்கு. "மாமா, இது வாங்கலாமா? ஃபில்டர்ல ஆயில் அடிக்கிறது நின்னுருமாம், பிக்கப்பும் ஏறுமாம்."

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ஓஸுக்கு பிரீதர் என்று பெயர், அதில் மாட்டும் வால்வு இது. அதே குப்பி, சிவப்பு நிறத்தில், என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. விலை 2,400 ரூபாய், மாட்டுக்கூலி 350. அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். முழங்கால் சிராய்ப்பு ஆற மூன்று வாரம் ஆயிற்று.

என் வண்டி 2009 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். அப்பா ஓட்டி எனக்கு வந்தது. போன ஆடி மாதம் ஏர் ஃபில்டரைத் துடைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் அடியில் கருப்பாக எண்ணெய் தேங்கிக் கிடந்தது. ஃபில்டரும் நனைந்திருந்தது. முந்தின வாரம்தான் வாட்டர் வாஷ் விட்ட இடத்தில் ஆயில் மாற்றியிருந்தேன். இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தோன்றவில்லை. முழுத் தவறும் அங்கேதான் தொடங்கியது, அது என் தவறு.

கோவையில் வண்டிகளுக்கு சைலன்சர், ஸ்டிக்கர், எல்ஈடி மாட்டித்தரும் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அங்கிருந்த பையன் பேச்சில் கெட்டிக்காரன். "ப்ரோ, கம்பெனி பிரீதர் வேஸ்ட். எஞ்சின் மூச்சு விட முடியாம திணறுது. இதைப் போட்டா பத்து கிலோமீட்டர் மைலேஜ் கூடும், ரேஸ் வண்டியில எல்லாம் இதுதான்." இத்தனையும் பேசியவன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

இந்த பிரீதர் என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால் அங்கேயே சிரித்துவிட்டு வந்திருப்பேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே காலியாகிற அளவுக்குக் கீழே கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டியில், இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. என் வண்டியில் அது 97 சிசி, ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ். மேலே ஏறும்போது அதே அளவு காற்று இழுபடுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு நூறு தடவை இந்தத் தள்ளலும் இழுப்பும் நடக்கிறது. நாலு சிலிண்டர் காரில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஒற்றை சிலிண்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதற்கு மேல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயு வேறு வந்து சேரும். அதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நீராவியும் இருக்கும். இதெல்லாம் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர் ஓஸ். கம்பெனி அதை ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விட்டிருக்கிறது, அந்த ஆவியை எஞ்சினே மறுபடி இழுத்து எரித்துவிடும்.

இதில் ஒருவழி வால்வு வைத்தால் காற்று வெளியே போகும், திரும்ப உள்ளே வராது. கிராங்க் கேஸில் சராசரி அழுத்தம் குறையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களுக்கு வேலை குறையும். இது பொய்யில்லை. பழைய புல்லட்டில் இதற்காக வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அது விறைத்துப் போனால் வண்டி எண்ணெய் கக்கும். அதனால் புல்லட்காரர்கள் காரின் பிரேக் பூஸ்டரில் இருக்கும் ஒருவழி வால்வைக்கூட எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். கடைப் பையன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால்தான் நானும் விழுந்தேன்.

மாட்டிய லட்சணத்தைச் சொல்கிறேன். ஏற்கெனவே இருந்த கருப்பு ரப்பர் ஓஸைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் அது இருந்த ஓட்டையை இன்சுலேஷன் டேப் சுற்றி மூடினார்கள். புதிய ஓஸ் என்று மாட்டியது, கொத்தனார் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பாரே, கண்ணாடி மாதிரித் தெரியும் அந்த பிளாஸ்டிக் டியூப். அதை டேங்குக்கு அடியில் கொண்டுபோய், பக்கவாட்டு மூடிக்குள் நுழைத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஓரமாக இறக்கி, செயினுக்குப் பக்கத்தில் திறந்த முனையாக விட்டார்கள். நடுவில் சட்டத்தில் ஒரு ஜிப் டையால் இறுக்கிய இறுக்கில் டியூப் இடுப்பு ஒடிந்து சப்பையாக இருந்தது. சிவப்புக் குப்பியின் மேல் 'ரேசிங்' ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் சூடான எண்ணெய் வாடை. லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். கிணத்துக்கடவு வருவதற்குள் இடது கால் செருப்பு வழுக்க ஆரம்பித்தது. டீக்கடைப் பக்கம் ஒதுங்கலாம் என்று இடது பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் வாழைப்பழத் தோலை மிதித்த மாதிரி சறுக்கியது. வேகம் இருபதுகூட இருக்காது. பின்னால் பஸ் வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். எழுந்து பார்த்தால் எஞ்சின் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) மூடிக்கு அடியிலிருந்து எண்ணெய் ஒழுகி, செயினில் பட்டு, டயரின் இடது ஓரம் பளபளவென்று இருந்தது.

டீக்கடைக்காரர் கைகாட்டிய இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு மெக்கானிக் அண்ணன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து சிவப்புக் குப்பியைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. இருந்த ஆயிலைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, டிப்ஸ்டிக்கை அரைச் சுற்று தளர்த்தினார். குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கினால் வருமே, அப்படி ஒரு 'புஸ்ஸ்'. அவர் கைலியெல்லாம் எண்ணெய்த் துளி. உடனே அணைத்துவிட்டு, குப்பியைக் கழற்றி, துணியில் துடைத்து, எஞ்சின் பக்கம் இருந்த முனையை வாயில் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் உப்பியது, காற்று போகவில்லை. மறுமுனையில் ஊதினார், போனது.

"ஏந்தம்பி, மூச்ச உள்ள மட்டும் இழுத்துப்போட்டு வெளிய உடாம எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில் அம்புக்குறி. எஞ்சினை நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் ஏறும்போதெல்லாம் காற்று உள்ளே வந்திருக்கிறது, இறங்கும்போது வெளியே போக வழியில்லை. சைக்கிள் பம்ப் அடிப்பது போல இருபது கிலோமீட்டருக்கு மேல் என் எஞ்சினுக்கு நானே காற்றடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இருப்பதில் சோர்ந்துபோன சீல் எதுவோ அது முதலில் விட்டுக்கொடுத்தது. செயின் பக்கம் திறந்து கிடந்த முனை வழியாக ரோட்டுப் புழுதியும் உள்ளே போயிருந்தது. டியூபின் உள்சுவரில் பழுப்பாக ஒட்டியிருந்ததை அண்ணன் விரலால் வழித்துக் காட்டினார்.

"சரிங்ணா, திருப்பி மாட்டுனா சரியாயிடுமா?" என்று கேட்டேன். குப்பியை என் கையில் கொடுத்து, "சரியான பக்கத்துலயே ஊதிப் பாருங்க" என்றார். தம் கட்டி ஊதினால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நகர்ந்து 'டிக்' என்று திறந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்துளை ஒரு நெல்மணி நுழையும் அளவு. எஞ்சினில் ஓஸ் மாட்டும் குழாயோ சுண்டுவிரல் தடிமன். "இது பெட்ரோல் லைன்ல போடற சாமானுங்க. பம்ப்பு தள்ளற எடத்துல வேல செய்யும். மூச்சுக்கு ஆகாது."

அப்புறம் கேட்டார், "ஆயில் யாரு மாத்துனது?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வாட்டர் வாஷ் பையன் சைடு ஸ்டாண்டில் வைத்தே ஒரு லிட்டர் டப்பாவை முழுக்கக் கவிழ்த்தான். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, "கம்மியா இருக்குண்ணா" என்று இன்னொரு டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினான். வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, டிப்ஸ்டிக் வலது பக்கம் இருக்கிறது. குறைவாகத்தானே காட்டும்! கூடுதலாக இருந்த ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்கி, பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறது. கூடுதல் ஆயிலை வடித்திருந்தாலே போதும், ஐந்து பைசா செலவில்லை.

ரிங் தேய்ந்திருந்தாலும் ஃபில்டரில் ஆயில் வரும் என்பதால், புது சீலும் சரியான அளவு ஆயிலும் போட்டபின் அண்ணன் அதையும் பார்த்துவிட்டார். பூக்காரம்மா மல்லிகைப்பூ போட்டுத் தரும் மெல்லிய கவர் ஒன்றை பிரீதர் ஓஸின் வாயில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐடிலில் விட்டார். கவர் உப்புவதும் அமுங்குவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் ஏறி இறங்குகிறது என்று மட்டும் அர்த்தம். அமுங்காமல் விறுவிறுவென்று உப்பிக்கொண்டே போனால் ரிங் வழியாக வாயு கொட்டுகிறது. என்னுடையது கோழிக்குஞ்சு நெஞ்சு மாதிரி துடித்தது. "ரிங்கு நல்லாருக்குது, போங்க" என்றார். கம்ப்ரஷன் மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடையாதுதான், ஆனால் 2,400 ரூபாயை எடுத்து நீட்டுவதற்கு முன் செய்துபார்க்கப் போதும்.

சீல், ஆயில், புது ரப்பர் ஓஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,180 ரூபாய். டயரைத் துணி சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் போகவில்லை என்று கழற்றிப் பார்த்தபிறகுதான் வண்டியைக் கொடுத்தார். அதற்குப்பின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். வால்வே இல்லை, கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படித்தான் இருக்கிறது. ஃபில்டர் பெட்டி காய்ந்து கிடக்கிறது.

எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், நிஜமாகவே வால்வு தேவைப்படுபவர்கள் இருப்பீர்கள். கடையிலேயே எஞ்சின் பக்கம் வரும் முனையை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். பேச்சு மூச்சிலேயே திறக்க வேண்டும், உறிஞ்சினால் சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்துளை எஞ்சின் குழாயின் துளைக்குக் குறையக் கூடாது. காரில் கிராங்க் கேஸ் ஆவியை எடுக்கும் பிசிவி வால்வும் இதுவும் ஒன்றுதான் என்பார்கள், இல்லை. அது எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்துக்கு ஏற்றபடி அளவாகத் திறக்கச் செய்தது, இந்தத் துடிப்புக்குச் செய்தது அல்ல. மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் வால்வை மாட்டியவரையும் பார்த்திருக்கிறேன், சூட்டில் அது அப்பளமாகிவிட்டதாம்.

ஓஸ் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். அந்த பிளாஸ்டிக் டியூப் வெயிலிலும் எண்ணெயிலும் சீக்கிரமே விறைத்து, கிளாம்ப்பிலிருந்து நழுவும். எஞ்சினை விட்டு வெளியே வந்ததும் ஓஸ் மேல்நோக்கி ஏற வேண்டும், வால்வு அந்த ஏற்றத்தின் மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் ஆவியோடு வரும் எண்ணெய் குளிர்ந்து தானாகவே எஞ்சினுக்குள் வடியும். நடுவில் தொட்டில் மாதிரி தொங்கினால் அங்கே தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து மோர் நிறத்தில் கட்டிக்கொண்டு வழியை அடைக்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் சூடேறாததால் இது இன்னும் சீக்கிரம் வரும். முனையை ஏர் ஃபில்டர் பெட்டிக்கே திருப்பிக் கொடுங்கள். டயர் பக்கம் விடவே விடாதீர்கள். வால்வு இல்லாத ஓஸைத் தாழ்வாக விட்டுவிட்டு, மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கினால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை வெளியே விடும் மாதிரி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவோடும் உரசலாம், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அது.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். கடைக்குப் போனேன். "வேற மெக்கானிக் கை வச்சிருக்காரு, வாரண்டி போச்சு ப்ரோ." ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த அம்புக்குறியைக் காட்டினேன். "அது டிசைன்" என்றான். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதில் தேதிகூட இல்லை. ஜிபே ரசீது மட்டும் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்தே போன் வந்தது, ஆயிரம் ரூபாய் அனுப்பினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்று தெரியும். ஆனாலும் நான்கு நாள் லீவு போட மனம் வரவில்லை. பில் வாங்காதது என் தலையில்தான் விடிந்தது.

மச்சானுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "எதையும் வாங்காத. டிப்ஸ்டிக்கத் துடைச்சு, திருகாம சும்மா உள்ள விட்டு எடுத்து, ஒரு படம் அனுப்பு" என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை படம் வந்தது. எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது. பின்னால் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது.