பாம்புக்கடியை எந்தச் சொல்லால் தேடுவது?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் பாம்புக்கடி பற்றித் தேட இரண்டு வழிகள் உண்டு. மனதில் தோன்றும் சொல்லை அப்படியே அடிக்கலாம். இல்லையென்றால் 'மெஷ்' பட்டியலிலிருந்து தலைப்புச்சொல்லை எடுத்துத் தேடலாம். மருத்துவ மாணவர்களுக்குத் தேடிக்கொடுப்பது என் வேலை. முதலில் மெஷ்ஷைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்துவரும் சொற்பட்டியல் அது. ஆசிரியர் 'ஸ்னேக்பைட்' என்று சேர்த்து எழுதினாலும், பிரித்து எழுதினாலும், 'என்வெனமேஷன்' (நஞ்சு உடலில் ஏறுதல்) என்றாலும், கட்டுரை 'ஸ்னேக் பைட்ஸ்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தபோது சொன்ன பெயரோ 'என்வெனமிங்'. இத்தனையையும் நாமே யோசித்து அடிப்பது சிரமம்.

பாம்பின் பெயரிலும் இதே சிக்கல்தான். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயர் இன்றைய கட்டுரைகளில் 'டபோயா', பழையவற்றில் 'வைபெரா'. டபோயா என்று மட்டும் தேடிய மாணவி ஒருவர், எண்பதுகளில் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை போலிருக்கிறது என்றார். இரண்டு பெயர்களுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் 'ஆர்' (OR, அதாவது இதுவோ அதுவோ) போட்டுத் தேடினோம். விரியன் கடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிய பழைய கட்டுரைகள் வரிசையாக வந்தன. அவருக்கு வேண்டியதே அவைதான்.

சரி, மெஷ் மட்டும் போதுமா? போதாது. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. பப்மெட்டின் முக்கியத் தொகுப்பான மெட்லைன் பட்டியலில் இல்லாத இதழ்களின் கட்டுரைகள் அதில் சிக்காது. அங்கேதான் சாதாரணச் சொல் கைகொடுக்கும். 'என்வெனம்' வரை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும். அதனால் நான் மெஷ் தலைப்பையும் இந்தச் சொற்களையும் 'ஆர்' போட்டு ஒன்றாகவே தேடுகிறேன்.

மேற்கோள் குறியைக் கவனமாகப் போடுங்கள். வெறுமனே அடித்தால் பப்மெட் தானாகவே பொருத்தமான மெஷ் தலைப்பையும் சேர்த்துத் தேடும். குறி போட்டால் அது நின்றுவிடும். அப்புறம், தேள்கடியை விலக்க 'நாட்' (NOT, அதாவது இது வேண்டாம்) போடவே வேண்டாம். பாம்பையும் தேளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் அதோடு போய்விடும்.