வயிற்று அறுவைக்குப் பின் ஜிம்மில் பணம் கட்டும் முன்

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொங்கிய தோலையும் அகற்றும் அறுவையைச் சென்ற ஆண்டு திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டேன். அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் எழுதுகிறேன். மருத்துவர் மாதம் இருமுறை மதுரையிலிருந்து வந்துபோகிறவர். அவரை மறுபடி பார்ப்பதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த அரைப்பக்கத் தாளில், ஒரு மாதத்துக்குப் பின் வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதும் வழக்கமான வேலைதான்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜிம்மில், அறுவை செய்துகொண்டவர்களுக்கென்றே தனிப் பயிற்சி உண்டு என்று சொல்லி, மூன்று மாதக் கட்டணம் 12,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். என்ன அறுவை, எத்தனை வாரம் ஆயிற்று, மருத்துவரின் கடிதம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. எடையையும் இடுப்பளவையும் மட்டும் குறித்துக்கொண்டார்கள். அறுவை முடிந்த ஐந்தாவது வாரத்திலேயே பிளாங்க், க்ரஞ்ச் என்று வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சிகள் தொடங்கிவிட்டன. அறுவைக்குப் பின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது தயங்கினேன். "வலிக்கலைல்லா, அப்போ தாராளமாச் செய்யலாம்க்கா" என்றார் பயிற்சியாளர்த் தம்பி. வலிக்கவில்லை என்பது உண்மைதான். தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாதபடி மரத்துப்போயிருந்தது. தோலைப் பிரித்து இழுத்துத் தைக்கையில் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் இந்த மரப்பு பல மாதங்கள் நீடிக்கும் என்பதும், அங்கே வலியை அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தன.

நான்காம் நாள் இரவு புரண்டு படுத்தபோது, தழும்புக்கு மேலே பாலிதீன் பையில் தண்ணீர் போல வயிறு தளும்பியது. தோலுக்கும் தசைக்கும் நடுவே நீர் கோத்திருந்தது, செரோமா என்கிறார்கள். மருத்துவர் இருமுறை ஊசியால் இளமஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்தார். தையல் பிரியாதது என் நல்ல காலம். காலில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க மெல்ல நடப்பது தொடக்கத்திலிருந்தே அவசியம், ஆனால் ஆறு வாரம்வரை கனமான எதையும் தூக்கக் கூடாது, வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சிகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் பின், அதுவும் தம்மிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும் என்று அன்றுதான் விளக்கினார். இதைத் தாளில் எழுதியிருக்கலாமே என்றதற்கு, ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்களே என்றார்.

ஆகவே, இந்த அறுவை செய்துகொண்டவர்கள் எந்தப் பயிற்சியை எந்த வாரத்தில் தொடங்கலாம் என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்காமல் எங்கும் பணம் கட்ட வேண்டாம். திடீர் வீக்கமோ காய்ச்சலோ தழும்பில் சிவப்போ கண்டால் அன்றே போய்க் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஜிம்மில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். வேண்டுமானால் மீதி நாள்களை உடன் வந்திருந்த என் மதினி பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அவளுக்குச் சிசேரியன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதையும் அவர்கள் கேட்கவில்லை.