கோர்டோபாவா, கிரனாடாவா?

ஸ்பெயினின் முஸ்லிம் ஆட்சி என்றதும் எல்லோரும் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைப் படத்தைத்தான் காட்டுகிறார்கள், ஆனால் அரசு என்று பார்த்தால் கோர்டோபாதான் பெரியது என்பேன். 929-ல் கோர்டோபாவை ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலீபா என்று அறிவித்தபோது, இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பத்தின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது, வடக்கே இருந்த கிறிஸ்தவ அரசர்கள் அவரிடம் தூது அனுப்பினார்கள், அப்புறம் மகன் இரண்டாம் அல் ஹகம் ஊர் ஊராக நூல்களை வரவழைத்து மாபெரும் நூலகம் சேர்த்தார். ஆனால் உள்நாட்டுச் சண்டையில் 1031-லேயே எல்லாம் சிதறி, குட்டி குட்டி தைஃபா அரசுகளாகிவிட்டன.

கிரனாடா நேர்மாறு. 1238 முதல் நஸ்ரி வம்சத்தின் கையில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன நாடு, பலமுறை கிறிஸ்தவ அரசான காஸ்டீலுக்குத் திறை கட்டியே பிழைத்தது, அப்படியும் 1492 வரை நின்றது! சாமர்த்தியத்துக்கு கிரனாடா, சரி. அறிவுக்கும் பலத்துக்கும் என் ஓட்டு கோர்டோபாவுக்கே.