குடும்ப நல நீதிமன்றத்தின் சமரச மையம்: குழந்தைப் பொறுப்பு வழக்குக்கு நம்பிப் போகலாமா?

போகலாம். ஆனால் கடைசி நாளில் எழுதும் ஒப்பந்தத்தில் கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டில் நீதிமன்றமே வழக்கை அனுப்பிவைத்தால் சமரசத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே பேசியதை யாரும் பின்னால் சாட்சியமாக்க முடியாது. அதனால் மனம் திறந்து பேச முடிகிறது. இதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், முடிவு பெற்றோருடையது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். ஐந்து முடிந்த மறுநாளே தந்தைக்கு என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த வயதிலும் குழந்தையின் நலன்தான் முதல் அளவுகோல்.

கோளாறு வருவது ஒப்பந்தத்தில். ‘வசதிப்படும்போது தந்தை பார்க்கலாம்’ என்று அவசரமாக ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். நாளும் நேரமும் இல்லாத வரியை யார் மீறினார்கள் என்று எப்படி நிரூபிப்பது? உத்தரவை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டாலும் இழுபறிதான். இப்படிக் கேட்டு எழுத வையுங்கள்: இரண்டாம், நான்காம் சனி காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது, காய்ச்சல் வந்தால் மாற்று நாள் எது, கோடை விடுமுறை பாதிப் பாதி, பொங்கல், தீபாவளி ஆண்டு மாற்றி, வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு, பாஸ்போர்ட் யார் கையில், பள்ளிக் கட்டணம் எந்தத் தேதிக்குள். பணத்தையும் சந்திப்பையும் மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். ஜீவனாம்சம் தாமதமானது என்று குழந்தையைக் காட்ட மறுப்பது பெற்றவரை விடக் குழந்தையைத்தான் தண்டிக்கிறது.

கையெழுத்தோடு வேலை முடியாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கினால்தான் அதற்கு வலு. சூழ்நிலை மாறினால் அந்த உத்தரவையும் திருத்தலாம். ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

நீதிமன்ற வளாகத்தில் வார நாளில் சந்திப்பு என்ற ஏற்பாடு எங்களுக்குப் பிடிக்கவில்லை. பள்ளி தவறிப்போகிறது, குழந்தையும் மிரள்கிறது. ஆபத்து எதுவும் இல்லையென்றால் பூங்காவோ தாத்தா வீடோ கேளுங்கள்.

அடி, மிரட்டல் இருந்த வீடு என்றால் எதிரெதிரே உட்கார ஒப்புக்கொள்ள வேண்டாம். தனித்தனி அமர்வு கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தற்காலிகக் குழந்தைப் பொறுப்புக்கு வழி இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். கூப்பிட வேண்டிய சட்ட உதவி எண் 15100.