பேட்டை ரோட்டு லாரி பட்டறை: சூடேறும் பழைய வண்டிக்கு நம்பிப் போகலாம்

எங்களுடையது அப்பா காலத்து லேலண்ட் காமெட் லாரி. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி மதுரைக்குக் கிளம்பினால் கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும், ஓரங்கட்டி ஆறவிட்டு தண்ணீர் ஊற்றியே ஒரு கோடை போனது. வேறொரு இடத்தில் ரேடியேட்டரையே மாற்ற வைத்தார்கள். பலன் இல்லை.

இங்கே பட்டறைக்கார அண்ணாச்சி முதலில் ஸ்பானரை எடுக்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, முள் ஏறியதும் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் கை வைத்தார். வெதுவெதுப்புகூட இல்லை. "தண்ணி இங்க வரவே இல்லயே தம்பி" என்றார். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, டீ போடும் சட்டியில் தண்ணீரோடு அடுப்பில் வைத்தார். தளதளவென்று கொதித்தும் வால்வு அசையவில்லை. புதிய பாகம் வந்ததும், திறக்கும் சூடு 82 டிகிரி என்று பொறித்த அதையும் பழையதன் பக்கத்தில் போட்டார், மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து வால்வைத் தள்ள வேண்டுமாம், எங்களுடையதில் வால்வு துருவேறி இறுகியிருந்தது.

கழற்றிப் போட்டுவிட்டே ஓட்டலாமே என்று கேட்டேன். கூடவே கூடாது, எஞ்சின் சூடே பிடிக்காமல் டீசல் குடிக்கும், சீக்கிரம் தேயும் என்றார்.

பாகம் வர இரண்டு நாள் ஆனது. கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டால்தான் பார்க்கிறார்.