கிராஷ் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் நம்பிவிடாதீர்கள்: செயலி உருவாக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான கூலிக் கணக்குச் செயலி ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் நடத்தி வருகிறோம். செயலி திடீரெனத் தானே மூடிக்கொள்வதுதான் கிராஷ். அது யாருடைய போனில், நிரலின் எந்த வரியில் நடந்தது என்பதை அறிய, கோவையில் விற்பனை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கிராஷ் கண்காணிப்புச் சேவைக்கு ஓராண்டுக் கட்டணமாக 48,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் முன்கூட்டியே கட்டினோம். எத்தனை கிராஷ் வந்தாலும் ஒன்றுவிடாமல் பதிவாகும் என்று விற்பனைப் பிரதிநிதி எங்கள் எதிரில் உட்கார்ந்து சொன்னார். நாங்களும் நம்பினோம்.

இங்கே வாரக் கூலி சனிக்கிழமை. மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, அனுப்பர்பாளையத்தில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் அழைத்தார். "தம்பி, கூலிச் சீட்டை அமுத்துனாலே மூடிக்குதுங்க, நாப்பது பேரு நிக்கறாங்க" என்றார். கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். கிராஷ் இல்லாத அமர்வுகள் (செயலியை ஒருமுறை திறந்து பயன்படுத்துவது ஓர் அமர்வு) 99.8 சதவீதம் என்று பச்சை நிறத்தில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். அன்று அவர் இரவு 10 மணி வரை நோட்டில் எழுதிக் கூலி கொடுத்திருக்கிறார்.

மறுநாள் நேரில் போய் அவர் போனைக் கேபிளில் இணைத்துப் பார்த்தபோது, வாரம் முழுவதும் விடுப்பில் இருந்த தொழிலாளியின் பெயர் வந்ததும், வெற்றுப் பட்டியலின் முதல் வரியைக் கேட்டுச் செயலி நின்றுபோவது தெரிந்தது. திருத்த ஒரே வரி போதும். ஆனால் அந்தத் தவறு மூன்று வாரங்களாகப் பல கம்பெனிகளில் நடந்திருக்கிறது.

கண்காணிப்புத் திரை ஏன் அதைக் காட்டவில்லை என்று துருவியபோதுதான் விவரம் புரிந்தது. எங்கள் திட்டத்துக்கு மாதம் 20,000 கிராஷ் பதிவுகள்தான் ஒதுக்கீடு. மூடிக்கொண்ட செயலியை மேற்பார்வையாளர்கள் திரும்பத் திரும்பத் திறந்து முயன்றதில், ஒவ்வொரு முயற்சியும் ஒரு பதிவாகி, முதல் சனிக்கிழமையே ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் வந்தவற்றை அவர்களுடைய சர்வர் எந்த அறிவிப்பும் இன்றித் தள்ளிவிட்டது. அமர்வுகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு இல்லாததால், கிராஷ் நின்று அமர்வு ஏறிக்கொண்டே போக, சதவீதம் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் இது இருக்கிறது. விற்பனையின்போது யாரும் வாய் திறக்கவில்லை. இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

வந்து சேர்ந்த பதிவுகளிலும் பாதி பயன்படவில்லை. செயலியை வெளியிடும்போது நிரலில் உள்ள பெயர்களை ஆர்8 என்ற கருவி சுருக்கிவிடும்; அவற்றை மீட்க வேண்டிய மேப்பிங் கோப்பை ஒவ்வொரு வெளியீட்டோடும் ஏற்றித் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் வாங்கியவர்கள், முதல் வெளியீட்டுக்குப் பிறகு ஏற்றவே இல்லை. முறையிட்டதற்கு, 31,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஒதுக்கீட்டை உயர்த்துவதாகப் பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

செயலி வெளியிடுவோருக்கான பிளே கன்சோல் தளத்தில் கூகுள் தானே எண்ணிக் காட்டும் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தில், அதே நாட்களில் எங்கள் கிராஷ் விகிதம் 2.3 சதவீதமாக இருந்தது. பயனர் உணரும் கிராஷ், அதாவது செயலியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே நேர்வது, அன்றாடம் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்தைத் தாண்டினால் பிளே ஸ்டோரில் செயலி கண்ணில் படுவதே குறையக்கூடும். விவரம் பகிர ஒப்புக்கொண்ட போன்களிலிருந்து மட்டுமே அந்தக் கணக்கு வருகிறது என்றாலும், விற்பவர் கை வைக்க முடியாத கணக்கு அது. அதை வாரம் ஒருமுறை பார்த்திருந்தால் முதல் வாரமே பிடித்திருப்போம்.

எனவே, பணம் கட்டும் முன் ஒதுக்கீடு எவ்வளவு, தீர்ந்தால் பதிவுகள் என்ன ஆகும், தீரும்போது மின்னஞ்சல் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே கட்டியிருப்பவர்கள் சோதனைப் போனில் செயலியை வேண்டுமென்றே ஒருமுறை விழச்செய்து, மறுபடி திறந்து, அந்தப் பதிவு திரைக்கு வருகிறதா என்று மாதக் கடைசியில் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் செய்யும் சோதனை எங்களுக்கும் ஒழுங்காகத்தான் வந்தது.