சைக்மெட்டா நிரல்தொகுப்பு: ஆள்தேர்வுக் கணக்குக்கு எவ்வளவு உதவும்?

ஜெஃப்ரி டால்கியும் பிரெண்டன் வீர்னிக்கும் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் உருவாக்கி இலவசமாக வழங்கும் சைக்மெட்டாவை, ஆள்தேர்வில் கிடைக்கும் ஒட்டுறவுக் கெழுக்களை (தேர்வு மதிப்பெண்ணும் வேலைத்திறனும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன எனக் காட்டும் எண்களை) திருத்துவதற்கு மட்டும் பயன்படுத்திப் பார்த்தேன். அதன் பெரும்பகுதி, பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிடும் மேல்பகுப்பாய்வுக்கானது. அதை நான் தொடவில்லை.

நுழைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை நிறுவனங்கள் பொதுவாக வேலைக்கு எடுப்பதில்லை என்பதால், அவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்ற தரவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. எஞ்சியவர்களின் மதிப்பெண்கள் ஒரு குறுகிய வீச்சுக்குள் நெருங்கி நிற்பதால், நல்ல தேர்வுகூடப் பயனற்றதுபோல் தோன்றும். இந்த வீச்சுக் குறுக்கத்தை ஈடுகட்டுவதே நான் சொல்லும் திருத்தம்.

சோதித்துப் பார்க்க, உளவியலாளர் தார்ன்டைக் 1949இல் வெளியிட்ட அமெரிக்க இராணுவ விமானப் படைத் தரவை எடுத்துக்கொண்டேன். தேர்வு மதிப்பெண்ணைப் பாராமலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விமானிப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பல தேர்வுகளின் கூட்டு மதிப்பெண்ணுக்கும் பயிற்சி வெற்றிக்கும் இடையிலான ஒட்டுறவு 0.64, வழக்கமான விதிப்படி தகுதி பெற்றிருக்கக்கூடிய 136 பேரை மட்டும் பிரித்தபோது அது 0.18. உண்மையான விடை கையில் இருக்கும் இத்தகைய தரவு மிக அரிது.

மதிப்பெண்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் அமைந்தன என்று கொண்டால், மேல்நிலையிலுள்ள 13 விழுக்காட்டினரின் (அந்த 136 பேரின்) திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்களின் சிதறல் அளவு, முழுக் குழுவினுடையதில் ஏறத்தாழ 0.43 மடங்கு. இந்த விகிதத்தையும் 0.18ஐயும் நேரடிக் குறுக்கத்திற்கான (அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுத்ததால் வரும் குறுக்கத்திற்கான) திருத்தத்தில் இட்டால் 0.39 வருகிறது. சரியான திசைதான், ஆனால் 0.64ஐ எட்டவில்லை. குறை சூத்திரத்தில் இருக்கிறது என்று நான் எண்ணவில்லை. 136 பேர் கொண்ட மாதிரியில் 0.18 என்ற எண்ணே பெரிதும் ஊசலாடக்கூடியது. திருத்தம் அந்த ஊசலாட்டத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. மாதிரி அளவைக் கொடுத்தால் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பையும்) காட்டுவது இத்தொகுப்பின் பெரிய நன்மை. தனி எண்ணை மட்டும் அறிக்கையில் ஒட்டிவிடும் பழக்கத்தை அது கொஞ்சம் தடுக்கும்.

என் மனக்குறை வேறு. விண்ணப்பித்த அனைவரின் திட்ட விலக்கம் என்ன என்பதை இத்தொகுப்பு அறியாது. நாம் எதைக் கொடுத்தாலும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு கணக்கிட்டுவிடுகிறது. நேரடிக் குறுக்கமா, வேறொரு அளவுகோலால் ஆள் எடுத்ததால் வந்த மறைமுகக் குறுக்கமா என்பதையும் பயனரே முடிவு செய்ய வேண்டும். பொதுவான அறிவுத்திறன் தேர்வுகளின் செல்லுபடித்தன்மை (தேர்வு மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள, திருத்தப்பட்ட ஒட்டுறவு) 0.51 என்று 1998இல் ஆய்வாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் கூறியதை, 2022இல் சாக்கெட்டும் குழுவினரும் 0.31 ஆகக் குறைத்தார்கள். அத்தேர்வு வழியே எடுக்கப்படாத, ஏற்கெனவே பணியிலிருந்த ஊழியர்களிடம் செய்த ஆய்வுகளுக்கும் பெரிய குறுக்கத் திருத்தம் இடப்பட்டிருந்தது என்பதே சாக்கெட் குழுவினரின் முக்கிய மறுப்பு. அங்கே பிழை உள்ளிட்ட விகிதத்தில் இருந்தது. அதே விகிதத்தை இத்தொகுப்பில் இட்டாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

உதவிக் குறிப்புகள் விரிவாக இருந்தாலும் புள்ளியியல் பயிற்சி இல்லாத மனிதவள அலுவலருக்கு எளிதல்ல; அளபுருக்களின் சுருக்கப் பெயர்களைப் பழகவே எனக்கு ஒரு மாலை போயிற்று. விண்ணப்பதாரர் அனைவரின் மதிப்பெண்களையும் சேமித்து வைத்திருக்கும் நிறுவனத்திற்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். தேர்ச்சி பெற்றவர்களின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்ட நிறுவனத்திற்கு இரண்டுக்கு மேல் தர இயலாது.